திருகோணமலையில் வன்முறைக்கு உள்ளானவர்கள் உதவியை எங்கே, எப்படித் தேடுவது

“மிஸ், அவரை உள்ளுக்குப் போட வேணாம். அடிக்காம இருந்தாக் காணும்.”

பிரதேச செயலகத்தின் வராந்தா வாங்கில், கைக்குழந்தையை மடியில் கிடத்தியபடி, முந்தானையால் இடது முழங்கையை மறைத்துக்கொண்டு ஒரு பெண் சொன்ன வார்த்தைகள் இவை. அவர் அந்த வாங்குக்கு வந்து சேர ஒரு வருடத்துக்கு மேல் எடுத்திருந்தது. உதவி கேட்டால் வழக்கு வரும், வழக்கு வந்தால் கணவர் மறியலுக்குப் போவார், அவர் போனால் பிள்ளைகளின் சோற்றுக்கு வழியிருக்காது என்ற பயமே அவரை அவ்வளவு காலம் வீட்டுக்குள் கட்டிப்போட்டிருந்தது. இந்த மாவட்டத்தில் பல வருடங்களாகப் பெண்களோடு வைத்தியசாலைக்கும் பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் கூடப் போய்வருகிறவள் என்ற முறையில், இதே பயத்தைக் கிண்ணியாவிலும் கேட்டிருக்கிறேன், நிலாவெளியிலும் வெருகலிலும் கேட்டிருக்கிறேன். அது பிழையான கணக்கு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இங்கே கிடைக்கின்ற உதவிகளில் பெரும்பாலானவற்றைப் பெறுவதற்கு நீங்கள் யார் மீதும் வழக்குத் தொடரத் தேவையில்லை. வன்முறை செய்யக்கூடாது, கிட்ட வரக்கூடாது என்று நீதிமன்றம் வழங்கும் பாதுகாப்புக் கட்டளையும் ஒருவரைத் தண்டிப்பதற்கான தீர்ப்பு அல்ல.

தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நாடு முழுவதும் நடத்திய பெண்களின் நல்வாழ்வு பற்றிய ஆய்வின்படி, துணையோடு வாழ்ந்த பெண்களில் 20.4 வீதமானோர் அந்தத் துணையின் உடல் ரீதியான அல்லது பாலியல் ரீதியான வன்முறையை வாழ்நாளில் ஒருமுறையேனும் அனுபவித்திருக்கிறார்கள். ஐந்து பேரில் ஒருவர் என்றால், உங்கள் ஒழுங்கையிலும் ஒருவர் இருக்கக்கூடும். உங்களுக்கு நடப்பது உங்கள் வீட்டில் மட்டும் நடக்கும் மானக்கேடு அன்று.

இப்போதே ஆபத்து என்றால்

உயிருக்கு ஆபத்து என்று தோன்றும் நேரத்தில் எந்த அலுவலகத்துக்குப் போவது என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். கத்தி, அரிவாள், மண்ணெண்ணெய் என்பன கைக்கெட்டும் குசினியை விட்டு விலகி, வாசல் பக்கமாகவோ அயல்வீட்டுக்கோ முதலில் வந்துவிடுங்கள். பொலிஸ் அவசர அழைப்புக்கு 119, இலவச அம்புலன்ஸ் சேவைக்கு 1990. அழைக்கும்போது வீட்டு இலக்கத்தை மட்டும் சொன்னால் நம்முடைய கிராமங்களில் இடத்தைக் கண்டுபிடிப்பது கடினம். ஆகவே பக்கத்திலுள்ள கோயில், பள்ளிவாசல், பாடசாலை, சந்தி ஆகியவற்றில் ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆபத்து அந்த நிமிடத்தில் இல்லை, ஆனால் யாரிடமாவது பேசி வழி கேட்க வேண்டும் என்றால், பெண்களுக்கான அரச உதவி இலக்கமான 1938ஐத் தமிழிலேயே பேசி அணுகலாம். பொலிஸின் சிறுவர், பெண்கள் பணியகத்துக்கு 109 என்ற இலக்கம் உண்டு. சிறுவர்கள் தொடர்பானது எனின் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929. தூக்கமில்லை, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறது என்ற நிலையில் இருப்பவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926ஐ அழைக்க வேண்டும், அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

உங்கள் தொலைபேசியை வேறொருவர் பார்க்கும் வீடாக இருந்தால், பேசி முடித்ததும் அந்த அழைப்பைப் பட்டியலிலிருந்து அழித்துவிடுங்கள். வட்ஸ்அப்பில் வேறு கருவிகள் இணைக்கப்பட்டிருக்கின்றனவா என்றும் ஒருமுறை பாருங்கள். ஆனால் மிரட்டல் செய்திகளையும் குரல் பதிவுகளையும் அழிக்க வேண்டாம். அவற்றை நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவைத்த பிறகு உங்கள் பக்கத்தில் என்ன செய்வதென்று முடிவெடுக்கலாம்.

வைத்தியசாலை என்ற கதவு

பொலிஸுக்குப் போகத் துணியாத பெண்கள்கூட வைத்தியசாலைக்குப் போகிறார்கள். காயத்துக்கு மருந்து கட்டப் போவதை யாரும் தடுப்பதில்லை, அயலவர் கேட்டாலும் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலை போன்ற பெரிய அரச வைத்தியசாலைகளில், வன்முறைக்கு உள்ளானவர்களுக்கென்றே ‘நட்பு நிலையம்’ என்ற பெயரில் ஒரு சேவை இயங்குகிறது. சிங்களத்தில் இதை ‘மிதுரு பியச’ என்பார்கள். பயிற்சி பெற்ற வைத்தியரோ தாதியோ தனியாக உட்கார்ந்து கேட்பார், உளவளத்துணை தருவார், தேவைப்பட்டால் சட்ட உதவிக்கும் பாதுகாப்பு இல்லத்துக்கும் தொடர்புபடுத்துவார். கட்டணம் கிடையாது. அடி பட்ட நாளில்தான் போக வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. கிளினிக்குக்குப் போகும் நாளொன்றில், வெளிநோயாளர் பிரிவில் உள்ள தாதியிடம் “நட்பு நிலையம் எங்கே?” என்று மெதுவாகக் கேட்டாலே போதும்.

ஒருமுறை ஒரு பெண்ணுடன் போயிருந்தேன். கிணற்றடியில் சறுக்கி விழுந்ததாகத்தான் அவர் வழியெல்லாம் என்னிடமே சொல்லிக்கொண்டு வந்தார். காயத்தைக் கழுவிய தாதி மேல்கையில் இருந்த நான்கு நீலத் தடங்களைப் பார்த்தார். நான்கும் வரிசையாக, விரல் அகலத்தில் இருந்தன. கூட வந்திருந்த மாமியாரை மருந்துச் சீட்டோடு பார்மசி வரிசைக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, “விழுந்தால் இப்படி வராது பிள்ளை” என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண் வாய் திறந்து அழுதது அப்போதுதான். உங்களோடு வருகிறவர் முன்னால் உண்மையைச் சொல்ல முடியாதென்றால், வைத்தியரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. மலசலகூடம் போவதாகச் சொல்லித் தாதியிடம் போவதும் ஒரு வழி.

காயம் எப்படி வந்தது என்பதை வைத்தியரிடம் உண்மையாகச் சொல்வது மிக முக்கியம். நீங்கள் சொல்வதே நோயாளர் பதிவில் எழுதப்படும். ஆறு மாதம் கழித்து நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால் உங்களுக்காகப் பேசப்போகும் கடதாசியும் அதுதான். அன்று ‘சறுக்கி விழுந்தது’ என்று எழுதுவித்துவிட்டு, பின்னர் அதை மாற்றுவது பெரும்பாடு. கடுங்காயம், பாலியல் வன்முறை, பதினெட்டு வயதுக்குட்பட்டவர் என்ற நிலைமைகளில் வைத்தியசாலையே பொலிஸுக்கு அறிவிக்கக்கூடும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

பாலியல் வன்முறை நடந்திருந்தால் நேரம் மிகவும் பெறுமதியானது. குளிக்க வேண்டும், உடுப்பைத் துவைக்க வேண்டும் என்ற தவிப்பு எந்தப் பெண்ணுக்கும் இயல்பானது. இருந்தும் முடிந்தால் அதைப் பரிசோதனை முடியும்வரை தள்ளிவையுங்கள். அன்று உடுத்திருந்த துணியைப் பொலித்தீன் பையில் கட்டாமல் கடதாசிப் பையிலோ பழைய பத்திரிகைத் தாளிலோ சுற்றி எடுத்துச் செல்லுங்கள். ஈரத்துணி பொலித்தீனுக்குள் பழுதாகிவிடும். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரைகளை 72 மணித்தியாலங்களுக்குள் தொடங்கினால்தான் பயன். கருத்தரிப்பைத் தடுக்கும் அவசர மாத்திரையும் எவ்வளவு முந்தி எடுக்கப்படுகிறதோ அவ்வளவு நல்லது. குளித்துவிட்டீர்கள், மூன்று நாளும் கடந்துவிட்டது என்றாலும் போகத்தான் வேண்டும். சிகிச்சைக்கும் ஆறுதலுக்கும் காலக்கெடு இல்லை.

சட்ட வைத்திய அதிகாரி காயங்களைப் பரிசோதித்து அறிக்கை எழுதுவதற்குரிய படிவத்தைப் பொலிஸார் வழங்குவார்கள். பெரிய வைத்தியசாலைகளுக்குள் உள்ள பொலிஸ் காவலரணிலேயே முறைப்பாட்டைப் பதிந்து அதைப் பெற முடியும். இரத்தம் வழியும் ஒருவரைப் “பொலிஸுக்குப் போய்த் துண்டு கொண்டு வாருங்கள்” என்று யாராவது திருப்பி அனுப்ப முயன்றால், சிகிச்சை முதலில் தரப்பட வேண்டும் என்று நின்று சொல்லுங்கள்.

பொலிஸ் நிலையத்தில்

பொலிஸ் நிலையங்களில் சிறுவர், பெண்கள் பணியகம் என்ற பிரிவு உண்டு. முன்வாசலில் நிற்கும் உத்தியோகத்தரிடம் முழுக் கதையையும் சொல்ல வேண்டியதில்லை. “சிறுவர், பெண்கள் பிரிவில் முறைப்பாடு கொடுக்க வேண்டும்” என்ற ஒரு வசனமே போதும். பெண் உத்தியோகத்தரிடம் சொல்ல விரும்புவதாகவும் கேளுங்கள்.

மொழி விடயத்தில் நம்மவர்கள் அளவுக்கு மீறி விட்டுக்கொடுக்கிறார்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. உங்கள் முறைப்பாடு தமிழில் எழுதப்பட வேண்டும் என்று கேட்பதற்கு நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. நகரத்துக்கு வெளியே இருந்த ஒரு பொலிஸ் நிலையத்தில், வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட இரண்டு பக்கத்தின் கீழே ஒரு பெண் கையொப்பமிட்டுவிட்டு வந்தார். பிறகு பார்த்தால், அவர் சொன்ன நான்கு சம்பவங்களில் ஒன்று மட்டுமே அதில் இருந்தது. கடைசியில் ‘சமாதானமாகப் போக விருப்பம்’ என்றும் எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தைத் திருத்த எங்களுக்குப் பல மாதங்கள் சென்றன. எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், விளங்கிய பிறகே கையொப்பமிடுங்கள், முறைப்பாட்டின் திகதியையும் பக்க இலக்கத்தையும் ஒரு துண்டில் குறித்துக்கொண்டு வாருங்கள்.

இருவரையும் கூப்பிட்டு, கணவருக்கு நாலு வார்த்தை ஏசி, “இனிச் சண்டை பிடிக்காமல் போங்கோ” என்று அனுப்பிவைப்பது இன்றும் நடக்கிறது. அதைப் பல பொலிஸார் நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் அப்படி அனுப்பப்பட்ட இரவுதான் பல பெண்களுக்கு மிக மோசமான இரவாக இருந்திருக்கிறது. சமாதானத்துக்கு நீங்கள் கட்டாயம் உடன்பட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள். ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையிலும் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. எந்த அலுவலகத்திலாவது ஒருவர் காரியம் செய்துதர உடலைக் கேட்டால் அதுவும் இலஞ்சமே. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அதை வெளிப்படையாகவே குற்றமாக்கியிருக்கிறது. இலஞ்ச ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

பிரதேச செயலகம்

மாவட்டத்தில் உள்ள பதினொரு பிரதேச செயலகங்களும் உங்களுக்கு மிக அருகிலுள்ள உதவி இடங்கள். பட்டினமும் சூழலும் பிரிவில் இருப்பவர் நகரத்துக்குள்ளேயே நடந்து போய்விடலாம். ஈச்சிலம்பற்றில் இருப்பவரும் திருகோணமலைக்கு பஸ் ஏறத் தேவையில்லை. வெருகல் பிரதேச செயலகமே அவருக்குரியது. பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர், சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் எனப் பிரதேச செயலகங்களில் கடமையாற்றுகிறவர்களைக் கேளுங்கள். இவர்கள் வெளிக்களத்துக்கும் போகிறவர்கள் என்பதால், முதல் நாளே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போனால் வெறுங்கையோடு திரும்ப நேராது. அரச நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும பற்றிய விபரம் கேட்கவோ பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி எடுக்கவோ எல்லோரும் போகிற இடம் என்பதால், நீங்கள் அங்கே போவதை ஊர் வித்தியாசமாகப் பார்க்காது. இதை நான் பெரிய வசதியாகக் கருதுகிறேன்.

கிராம உத்தியோகத்தரும் வீட்டுக்கு வரும் குடும்பநல மாதுவும் நல்ல வழிகாட்டிகள்தாம். ஆயினும் ஒருவர் கணவரின் உறவினர் என்றால் மற்றவரிடம் போங்கள். சிறிய ஊரில் இரகசியம் காப்பது ஆளைப் பொறுத்தது.

வீட்டைவிட்டு வெளியேறியே ஆக வேண்டுமென்றால் பாதுகாப்பு இல்லங்கள் இருக்கின்றன. அவற்றின் முகவரிகள் வேண்டுமென்றே வெளியில் சொல்லப்படுவதில்லை. 1938 வழியாகவோ பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், நட்பு நிலையம் வழியாகவோதான் அங்கே போக முடியும். 1987 முதல் இத்துறையில் இயங்கும் ‘தேவைநாடும் மகளிர்’ அமைப்பும் தங்குமிடம், சட்ட உதவி, உளவளத்துணை ஆகியவற்றைத் தருகிறது. எத்தனை நாள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாமா, ஆண்பிள்ளை என்றால் எந்த வயது வரை என்பவற்றை ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அடையாள அட்டை, பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் கிளினிக் அட்டை, நகை அடகுச் சீட்டு என்பவற்றின் படங்களை ஒருநாள் அமைதியாக எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். ஒரு தாய் அசல்களைப் பொலித்தீனில் சுற்றி, பக்கத்து வீட்டு ராத்தாவின் அரிசி வாளிக்கு அடியில் நான்கு மாதம் வைத்திருந்தார். எதையும் எடுக்க முடியாமல் பிள்ளையோடு மட்டும் ஓடி வந்துவிட்டீர்கள் என்றால் அதற்காகத் திரும்பிப் போகாதீர்கள். சான்றிதழ்களின் பிரதிகளைப் பின்னர் பெற்றுக்கொள்ளலாம்.

சிலருடைய நிலைமைகள்

பிள்ளை ஒன்று தனக்கு நடந்ததைச் சொன்னால், நம்புவதாகச் சொல்லிவிட்டு, ஒரே கதையை மாமா, சித்தி, ஆசிரியர் என்று ஒவ்வொருவருக்கும் திருப்பித் திருப்பிச் சொல்லவைக்காமல் 1929ஐ அழையுங்கள். வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன இடத்தில் துன்புறுத்தப்படுபவரின் குடும்பத்தினர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989க்கு அறிவிக்க வேண்டும். மூதூர், கிண்ணியாப் பக்கத்துத் தாய்மார் இந்த இலக்கத்தைச் சமையலறைச் சுவரில் எழுதிவைத்திருப்பது நல்லது. பிள்ளைகளால் அடிக்கப்படும் வயதான பெற்றோரும், வீட்டில் வன்முறைக்கு உள்ளாகும் ஆண்களும்கூட அடுத்து நான் சொல்லும் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்கலாம்.

கூடப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. “ஏன் இவ்வளவு நாளும் பொறுத்திருந்தாய்?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியைத் தினமும் இரவில் அவரே தன்னிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அவருக்காக நீங்கள் முடிவெடுக்கவும் வேண்டாம். தண்ணீர்ப் போத்தல், பிள்ளைக்கு பிஸ்கட், ஓட்டோவுக்குக் காசு, அவர் சொல்லும் திகதிகளை எழுத ஒரு கொப்பி, இவற்றோடு பக்கத்தில் இருங்கள்.

பாதுகாப்புக் கட்டளை

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்ற வேறுபாடின்றி எல்லோருக்கும் உரியது. முஸ்லிம் பெண்களின் விவாகரத்தும் தாபரிப்பும் காதி நீதிமன்றத்துக்குரியவை என்பதால், வீட்டில் அடி விழுந்தாலும் காதியாரிடம்தான் போக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. பாதுகாப்புக் கட்டளைக்கு அவர்களும் நீதவான் நீதிமன்றத்துக்கே நேரடியாகப் போகலாம். திருமணத்தைப் பதிவு செய்யாமல் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கும், பிரிந்துபோன முன்னாள் கணவரால் தொல்லைப்படுபவர்களுக்கும், தகப்பன், சகோதரன், மகன் ஆகியோரால் தாக்கப்படுபவர்களுக்கும் இச்சட்டம் இடம் தருகிறது. அடி மட்டும்தான் வன்முறை என்றில்லை. கொடூரமாகவும் இழிவுபடுத்தும் வகையிலும் தொடர்ந்து நடத்தும் பாரதூரமான மனத்துன்புறுத்தலையும் சட்டம் கணக்கில் எடுக்கிறது.

நீங்கள் வசிக்கும் இடத்துக்கோ, எதிராளி வசிக்கும் இடத்துக்கோ, சம்பவம் நடந்த இடத்துக்கோ உரிய நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். மூதூரில் அடி வாங்கிவிட்டு உவர்மலையில் தாய் வீட்டுக்கு வந்திருக்கும் ஒருவர், மறுபடி அந்த ஊர்ப் பஸ்ஸில் ஏறாமல் திருகோணமலையிலேயே விண்ணப்பிக்க முடியும் என்பது இதன் பொருள். உங்களுக்காகப் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரும் விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். 1978இல் அமைக்கப்பட்ட அரச நிறுவனம் அது. திருகோணமலையிலும் அதன் நிலையம் இயங்குகிறது. வருமானத்தைக் காட்டும் கிராம உத்தியோகத்தரின் கடிதமும் அடையாள அட்டையும் கையில் இருந்தால் வேலை சுலபமாகும்.

போகும் முன் ஒரு கொப்பியில் சம்பவங்களைத் திகதிவாரியாக எழுதுங்கள். திகதி நினைவில்லை என்றால் ‘ஆடி அமாவாசைக்கு முதல் நாள்’, ‘நோன்புப் பெருநாளுக்குப் பிறகு வந்த வெள்ளி’, ‘மகனுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை நடந்த வாரம்’ என்று எழுதினாலும் சட்டத்தரணி நாட்காட்டியைப் பார்த்துத் திகதியைக் கண்டுபிடித்துவிடுவார்.

நிலைமை அவசரமானது என்று நீதவான் கருதினால் உடனடியாகவே இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை பிறப்பிக்கலாம். விண்ணப்பம் கிடைத்த 14 நாட்களுக்குள் விசாரணை வைக்கப்பட வேண்டும். அதன் பின் வழங்கப்படும் பாதுகாப்புக் கட்டளை 12 மாதங்கள் வரை செல்லுபடியாகலாம். அதில் வன்முறை செய்யக்கூடாது என்ற தடையோடு, நீங்கள் இருக்கும் வீட்டுக்கோ வேலைத்தளத்துக்கோ வரக்கூடாது, பின்தொடரக்கூடாது, குடியிருக்கும் வீட்டை விற்கக்கூடாது என்ற தடைகளையும் கேட்கலாம். அவசர செலவுக்குப் பணம் வழங்குமாறும், சமூக சேவையாளர் ஒருவரின் மேற்பார்வைக்கும் கேட்கலாம். இவற்றை நீங்கள் கேட்டால்தான் சட்டத்தரணி விண்ணப்பத்தில் எழுதுவார். வராந்தாவில் குழந்தையோடு இருந்த அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டதும் இதுதான். கணவர் மறியலுக்குப் போகவில்லை, தினமும் வேலைக்குப் போனார், பிள்ளைகளின் செலவுக்குப் பணமும் கொடுத்தார், ஆனால் அந்த வீட்டுப் படலையைத் தாண்ட அவருக்கு அனுமதி இருக்கவில்லை.

இந்தச் சட்டத்தின் கீழ், கட்டளையை மீறினால்தான் அது குற்றமாகிறது. பத்தாயிரம் ரூபாய் வரையான தண்டப்பணமோ, ஒரு வருடம் வரையான சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆகவே கட்டளையின் பிரதிகள் சிலவற்றை எடுத்து, ஒன்றைப் பொலிஸ் நிலையத்திலும் தேவையென்றால் ஒன்றைப் பிள்ளைகளின் பாடசாலை அதிபரிடமும் கொடுங்கள். ஒன்றைக் கைப்பையில் வைத்திருங்கள். அவர் வாசலுக்கு வந்து நின்றால் 119ஐ அழைத்து, பாதுகாப்புக் கட்டளை இருக்கிறது என்பதையும் வழக்கு இலக்கத்தையும் முதலில் சொல்லுங்கள். கட்டளை முடிவடையும் திகதியை வீட்டு நாட்காட்டியில் உங்களுக்கு மட்டும் விளங்கும் அடையாளத்தால் குறித்துவிட்டு, அதற்கு ஒரு மாதம் இருக்கும்போதே, பயம் இன்னும் தீரவில்லை எனின், நீடிப்பதற்கு விண்ணப்பிக்கச் சட்ட உதவி நிலையத்துக்கு மறுபடியும் போங்கள்.